நோபுனாகாவைப் பற்றி எழுத உட்காரும் முன்

ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள், படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கட்டுரை தருவதுண்டு. போன மாதம் வந்த மூன்றுமே பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓடா நோபுனாகாவைப் பற்றியவை. மூன்றிலும் நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள். பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை தானே சரியாகிவிடும்.

ஷோகுன் என்பது

நோபுனாகாவை ஷோகுன், அதாவது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர், என்று எழுதுகிறார்கள். அவர் ஷோகுன் ஆகவே இல்லை. 1573-இல் அப்போதைய ஷோகுன் அஷிகாகா யோஷியாகியைக் கியோட்டோவை விட்டுத் துரத்தினார், அவ்வளவுதான்.

மூன்று வரிசைத் துப்பாக்கி

1575, நாகாஷினோ போர். மூவாயிரம் துப்பாக்கிகள், மூன்று வரிசை; ஒரு வரிசை சுடும்போது மற்ற இரண்டும் மருந்து கெட்டிக்கும்; எதிரியான தகேடா குலத்தின் குதிரைப்படை அப்படியே சரிந்தது. நானும் இப்படித்தான் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் கைக்காசு போட்டு 300 பிரதி அச்சடித்தேன். உள்ளே ஒரு வரைபடம், அதில் மூன்று நேர்கோடுகள். வாசகர் ஒருவர் போனில் கேட்டார்: "அந்தக் காலத்து ஆள் யாராவது இதைச் சொல்லியிருக்கிறாரா?" தேடினேன். இல்லை. மிச்சமிருந்த கட்டுகளைப் பிரிக்காமலே எடைக்குப் போட்டேன். இன்றும் அந்த வரைபடம் எதிலாவது கண்ணில் பட்டால் எரிச்சல் வருகிறது.

நோபுனாகாவிடம் பணிபுரிந்த ஓட்டா கியூயிச்சி எழுதியது 'ஷின்சோ கோகி'. ஐந்து பேர் பொறுப்பில் சுமார் ஆயிரம் துப்பாக்கிகள் என்கிறார். வரிசை மாற்றிச் சுட்டதாக ஒரு சொல் இல்லை. ஒரு கையெழுத்துப் பிரதியில் 'ஆயிரம்' என்ற எழுத்தின் ஓரத்தில் சின்னதாக மூன்று படுக்கைக் கோடுகள் இருக்கின்றன. ஜப்பானிய எழுத்தில் அது 'மூன்று'. ஆயிரம் மூவாயிரம் ஆவதற்கு அந்த மூன்று கோடுகள் போதும். முறைவைத்துச் சுடும் கதை, பிற்பாடு ஓசே ஹோவான் என்ற எழுத்தாளர் அந்த நூலை விரித்து எழுதியதில் வருகிறது. மெய்ஜி காலத்து (1868–1912) ராணுவம் தொகுத்த போர் வரலாறு அதை எடுத்துக்கொண்டது, அப்புறம் பாடப்புத்தகம் வரை போய்விட்டது.

துப்பாக்கி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையை நம்பினால் போரின் மற்ற காரணங்கள் கண்ணில் படாமல் போகும். தகேடா குலத்தலைவர் கட்சுயோரியிடம் இருந்தது சுமார் 15,000 பேர்; எதிரே நோபுனாகாவும் அவர் கூட்டாளி தொகுகாவா இயெயாசுவும் சேர்ந்து அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நடுவே ரெங்கோ ஓடை, அதன் கரையை ஒட்டி மரவேலி. முந்தைய இரவே சகாய் ததட்சுகு தலைமையில் ஒரு படை, 500 துப்பாக்கிகளோடு மலைவழியாகச் சுற்றிப் போய், தகேடாவின் முதுகுப்பக்கம் இருந்த தொபிகாசுயாமா அரண்களை விடியற்காலையில் பிடித்துவிட்டது. பின்னால் எதிரி வந்துவிட்ட நிலையில்தான் அவர்கள் வேலியை நோக்கி வந்தார்கள். சண்டை சூரியன் உதித்ததிலிருந்து பிற்பகல் வரை நீடித்தது. நான்கைந்து வெடியில் முடிந்திருந்தால் இத்தனை மணிநேரம் எதற்கு? தகேடா தளபதி பாபா நோபுஹரு செத்தது வேலிமேல் பாய்ந்தல்ல. தன் தலைவன் தப்பிப் போகட்டும் என்று பின்வாங்கும் படைக்குக் காவலாக நின்று.

குதிரைகளையும் உயரமாக வரையாதீர்கள். அன்றைய ஜப்பானியக் குதிரை மட்டக்குதிரை அளவுதான். தகேடா குலம் அன்றோடு அழிந்தது என்றும் எழுதாதீர்கள், அது 1582-இல்.

ஒகேஹசாமா

1560-இல் நடந்த ஒகேஹசாமா போரில், மலையைச் சுற்றிப் போய், படையெடுத்து வந்த இமகாவா யோஷிமோட்டோவை மறைந்து தாக்கினார் என்பதும் ஹோவான் வழி வந்த கதை. கியூயிச்சி சொல்வது: பெருமழை ஓய்ந்ததும் நேராகப் பாய்ந்தார்.

அகெச்சி மிட்சுஹிதே ஏன் துரோகம் செய்தார்

நோபுனாகாவின் தளபதியாக இருந்து 1582-இல் அவரையே தாக்கியவர் இவர். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதாதீர்கள்.

தேதி

மிட்சுஹிதே தாக்கியபோது, கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் நோபுனாகா இறந்தது ஜப்பானியர்களின் அன்றைய நாட்காட்டியில் 6-ஆம் மாதம் 2-ஆம் நாள். ஐரோப்பிய ஜூலியன் கணக்கில் அது 1582 ஜூன் 21. 'ஜூன் 2' என்று போட்டால் பத்தொன்பது நாள் முன்னதாகவே அவரைக் கொன்றுவிடுகிறீர்கள்.