பனங்கப்புக்குத் தார் பூசும் முறை

கொட்டிலுக்கு நட்ட பனங்கப்பு, அதாவது பனைமரத் தூண், நிலமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவிலேதான் முதலில் உக்கத் தொடங்கும். காற்றும் ஈரமும் ஒருங்கே சேரும் இடம் அதுவே. அந்த இடத்தைக் காப்பதற்கே தார் பூசுகிறோம்.

தார் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், தெருவுக்குப் போடுவது பெற்றோலிய எண்ணெயை வடித்தபின் எஞ்சும் நிலக்கீல் ஆகும். நிலக்கரியைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெறும் தார் வேறு. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் அதில் மிகுதி என்பதால் வீட்டு வேலைக்கு அதை வாங்க வேண்டாம். நிலக்கீல் கறையானைக் கொல்லும் மருந்தன்று, நீரை மறிக்கும் அடைப்பு மட்டுமே. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவின் பெருங்குளச் சுவரில் இயற்கை நிலக்கீலைப் பூசியவர்களும், 1595இல் திரினிடாட்டின் தார் ஏரியில் அள்ளித் தம் கப்பல்களின் பொருத்துகளை அடைத்த ஆங்கிலேயக் கடலோடி வோல்ட்டர் ராலேயும் நாடியது இந்தக் குணத்தையே.

ஆகவே ஈரமான கப்புக்குப் பூசினால், உள்ளிருக்கும் ஈரத்தை நாமே அடைத்துவைத்தவர்கள் ஆவோம். கப்பை மண்ணில் படாமல் அடுக்கி, கோடை முழுவதும் உலரவிட்டு, மாரிக்கு முன் பூசுவதே முறை. பனை புறக்காழ் மரம்; வெளியே வைரமும் நடுவே மென்மையான சோற்றியும் உள்ள அதன் வெட்டுமுகத்தின் வழியாகவே ஈரமும் கறையானும் எளிதில் ஏறும். பலர் பக்கங்களை மினுக்கிவிட்டு அடியை மறந்துவிடுகிறார்கள். முதற்பூச்சு அடிமுகத்துக்கே உரியது.

ஈரம் சிறிதுமில்லாத தகரத்தில் அரைவாசிக்கு மேற்படாமல் நிலக்கீலை இட்டு, வீட்டுக்கும் ஓலை வேலிக்கும் தள்ளி, வெளியில் சிறுதீயில் உருக்குங்கள். தண்ணீர் ஒரு துளி கலந்தாலும் அது நுரைத்துப் பொங்கி வழியும். தூரிகையிலிருந்து நூலாக ஒழுகும் பதம் போதும். புகை தடித்தெழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. இளக்குவதற்காக மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீப்பற்றும். தகரம் பற்றிக்கொண்டால் மூடியால் மூடுங்கள் அல்லது மணலைப் போடுங்கள். தண்ணீர் கூடவே கூடாது. தோலில் பட்டுவிட்டால் மட்டும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட்டு, ஒட்டியதைப் பிய்க்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முதற்பூச்சு ஆறி இறுகியபின் இரண்டாவதைப் பூசி, மறுநாள் நடலாம். பூச்சு மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரியவேண்டும். மழைநீர் தேங்காதவாறு கப்பைச் சுற்றி மண்ணைச் சரிவாக அணைத்துவிடுங்கள்.