நீராவி எஞ்சினுக்குப் புது வார்ப்பு: ஃபவுண்டரிக்குப் போகும் முன்னும் பின்னும்

பழைய நீராவி எஞ்சினைப் பிரித்துப் போட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்கள்தான் அதிகம் தேறும். ஆக்ஸில் பாக்ஸ், பிரேக் கட்டை, ஃபயர் பார் (உலையில் கரி எரியும் தட்டின் கம்பி), வால்வு உடல், சில சமயம் சிலிண்டரேகூட. இதையெல்லாம் வார்த்துத்தான் ஆகவேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். சாதாரண பிராக்கெட்டைத் தகடு வெட்டி வெல்டு வைத்தே முடித்துவிடலாம், சின்ன புஷ்களை உருளைக் கட்டியில் கடைந்து எடுத்துவிடலாம். ஒன்றிரண்டு பாகத்துக்கு மட்டும் வார்க்கும்போது காசை விழுங்குவது உலோகம் அல்ல, பேட்டர்ன், அதாவது மணலில் பதித்து அச்சு எடுக்கச் செய்யும் மாதிரி. ஒன்றே ஒன்று போதும் என்றால் அந்தச் செலவு முழுவதும் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். அதே வகை எஞ்சினைப் பராமரிக்கும் வேறு குழுவிடம் பேட்டர்ன் இருக்கிறதா, இல்லாவிட்டால் பங்கு போட்டுச் செய்யலாமா என்று விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

வார்ப்புதான் என்று முடிவானால், பேட்டர்னில் கை வைப்பதற்கு முன்பே வரைபடத்தோடு ஃபவுண்டரிக்கு, அதாவது வார்ப்பாலைக்குப் போய், மணல் அச்சு செய்யும் மோல்டரிடம் பேசுங்கள். அச்சை எங்கே இரண்டாகப் பிரிப்பது, ரைசர் (ஆறிச் சுருங்கும்போது ஈடுகட்ட உருகிய உலோகம் தேங்கும் இடம்) எங்கே வரும், எந்த முகம் கீழே இருக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உருகிய உலோகத்தில் கசடும் வாயுவும் மேலே ஏறும் என்பதால், நீராவியைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு உட்காரும் முகம் மாதிரி முக்கியமான பரப்பு அச்சில் கீழ்ப்பக்கம் வருவதுதான் நல்லது. பேட்டர்னைச் செய்து முடித்துவிட்டு அப்புறம் போனால் பாதியை அறுத்து மாற்றச் சொல்வார்கள்.

பழைய பாகத்தையே மணலில் பதித்து வார்த்துவிடலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1% சுருங்கும், கன்மெட்டல் (வெள்ளீயம் கலந்த செம்புக் கலவை) 1.5%, எஃகு 2%. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள பழைய இரும்புப் பாகத்தை அப்படியே பதித்தால் கையில் கிடைப்பது 297. அது ஏற்கெனவே தேய்ந்தது வேறு, கடைந்து சரிசெய்யக் கூடுதல் உலோகமும் இருக்காது. ஃபயர் பார் மாதிரி அளவு முன்பின் இருந்தாலும் பொருந்துகிற சாமானுக்கு வேண்டுமானால் இந்த வழி ஓடும், அதுவும் பழையதன் மேல் புட்டி அப்பி அளவைக் கூட்டிய பிறகு. 1800 மில்லிமீட்டர் எஃகுச் சக்கரம் என்றால் பேட்டர்ன் 36 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கவேண்டும், அங்கே கண்மதிப்பு செல்லாது. இந்தச் சதவீதங்களும் பொதுக் கணக்குதான். உள்ளே பெரிய கோர் (வார்ப்பில் வெற்றிடம் விழ அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி) இருந்தால் உலோகம் தாராளமாகச் சுருங்க முடியாது, அதனால் கடைசி எண்ணை ஃபவுண்டரியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையவேண்டிய முகங்களில் சின்ன வார்ப்புக்கு 3 மில்லிமீட்டர், பெரியதற்கு 6 அல்லது அதற்கு மேலும் கூடுதல் விடவேண்டும். மணலிலிருந்து பேட்டர்ன் உடையாமல் வெளியே வரப் பக்கங்களில் ஒன்றிரண்டு டிகிரி சாய்வு தேவை. உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள், விரிசல் கிளம்புகிற இடமே அதுதான். சிலிண்டரில் நீராவிப் பாதைகளுக்குத் தனித்தனிக் கோர் வரும், ஒவ்வொன்றும் உட்கார இடம் வேண்டும், அதன் வாயு வெளியேற வழி வேண்டும், வார்த்த பிறகு அந்த மணலைச் சுரண்டி எடுக்கத் துளையும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட்டால் பாதைக்குள் ஒட்டியிருக்கும் மணல் பின்னால் வால்வு முகத்தைக் கீறிக்கொண்டே இருக்கும்.

பேட்டர்னை மரத்தில் செய்யலாம். முப்பரிமாண அச்சுப்பொறியிலும் (3D பிரிண்டர்) எடுக்கலாம், ஆனால் அந்த அடுக்குக் கோடுகளைப் புட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து வழவழப்பாக்காமல் கொடுத்தால் மணல் பிடித்துக்கொண்டு அச்சு பிய்ந்துவிடும். ஒன்றே ஒன்றுக்கு ஃபோமை வெட்டி மணலில் புதைத்து அதன் மேலேயே ஊற்றும் முறை மலிவு. ஆனால் சூட்டில் ஃபோம் எரிந்துவிடும், வார்ப்பு சொதப்பினால் பேட்டர்னும் போச்சு, அவ்வளவுதான்.

உலோகத்தைப் பழைய பாகத்தின் நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். துரப்பணத்தில் வந்த சீவலையோ ஒரு சின்ன துண்டையோ சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் கலவை தெரிந்துவிடும். சிலிண்டருக்கு நுண்ணிய, நெருக்கமான துகளமைப்புள்ள சாம்பல் வார்ப்பிரும்பு, சக்கரத்துக்கு வார்ப்பெஃகு. பாய்லர் ஃபிட்டிங்குகளில் சாதாரணப் பித்தளை வேண்டாம். சூடான நீரில் துத்தநாகம் கரைந்து போய் உள்ளே பஞ்சு மாதிரி செம்புதான் மிஞ்சும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே செம்பு 85, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலா 5 என்ற கன்மெட்டல் பொருந்தும். பாய்லர் அழுத்தம் தாங்கும் எதுவானாலும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பாய்லர் ஆய்வாளரைக் கேட்டுவிடுங்கள், பிறகு சான்றிதழ் தேடி அலைவது வீண்.

ஆர்டரில் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்: உலோகத்தின் தரம், வெப்பப் பதம், அதே உருக்கிலிருந்து ஊற்றிய சோதனைக் கம்பி, ரசாயனச் சான்றிதழ், எஃகாக இருந்தால் அல்ட்ராசோனிக் சோதனை, கடையும்போது உள்ளே ஓட்டை தெரிந்தால் யார் செலவில் மறுபடி வார்ப்பது. வாய்வார்த்தையை நம்பினால் இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வரும்.

வார்ப்பு வந்ததும் நேராக லேத்தில் ஏற்றவேண்டாம். தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். மணியோசை வராமல் மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம், சாயம் ஊடுருவும் சோதனை செய்து பாருங்கள். சுண்ணாம்பு பூசி அளவுக்கோடு போட்டு, எல்லா முகத்திலும் கடைய உலோகம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டு. முதல் வெட்டு ஆழமாகவே போகட்டும், மேல்தோலில் மணலும் கடினமான இரும்பும் இருக்கும், லேசாக உரசினால் டூலின் முனை நிமிடத்தில் மழுங்கும். சிலிண்டர் என்றால் முரட்டு வெட்டு முடிந்ததும் சுமார் 550 டிகிரி செல்சியஸில் வைத்து மெதுவாக ஆறவிட்டு உள் இறுக்கத்தைத் தளர்த்தி, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த பிறகு கடைசி அளவுக்குக் கடையுங்கள். எல்லாம் முடித்த பிறகு ஒழுகினால் கடைந்த கூலியும் சேர்ந்து போகும்.

வேலை முடிந்ததும் பேட்டர்னையும் கோர் பெட்டிகளையும் (கோர் செய்ய மணல் அடைக்கும் அச்சுகள்) கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள், ஃபவுண்டரி மூலையில் கிடந்தால் ஈரத்தில் ஊறி வளைந்துவிடும். எந்த உலோகத்துக்கு, எத்தனை சதவீதச் சுருக்கத்துக்கு, எந்த வரைபட எண்ணுக்குச் செய்தது என்று அதன் மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.