அலீவியேட்னு எழுதுறப்போ நாம சறுக்குற இடங்கள்

ஒரு தடவை லீவ் கேட்டு மெயில் அனுப்புறப்போ "த டேப்லெட் எலிவேட்டட் மை பெயின்"னு எழுதிட்டேன். மாத்திரை போட்டதும் வலி குறைஞ்சுதுன்னு சொல்ல நினைச்சேன், எழுதினதுக்கு அர்த்தம் மாத்திரையால வலி ஏறிடுச்சுன்னு. மேனேஜர் பதிலுக்கு "அப்போ அந்த மாத்திரைய நிறுத்திடுங்க"ன்னு ஒரே வரி அனுப்பினாரு, இவரு ஏன் இப்படி சொல்றாருன்னு எனக்கு அரை மணி நேரம் புரியவே இல்ல. நான் எழுத வேண்டியது அலீவியேட்டட்.

இந்தக் குழப்பம் வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்கு, ரெண்டு வார்த்தையும் பங்காளிங்கதான். லத்தீன்ல லெவிஸ்னா கனமில்லாதது, லேசானது. லேசானது மேல போகும், அதுல இருந்து வந்தது எலிவேட், அதாவது உயர்த்துறது, பிளட் பிரஷர் எலிவேட்டடா இருக்குன்னா ஏறிக் கிடக்குன்னு அர்த்தம். அலீவியேட்னா தலையில இருக்கிற சுமைய லேசாக்குறது. சுமைய இறக்கி வைக்கிறது இல்ல, கனத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் படத்தை மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்ற தப்புல பாதி தானா நின்னுடும்.

நான் அதிகமா பாக்குற தப்பு, ஆளைக் கொண்டுபோய் அந்த வினைக்குக் கீழ உட்கார வைக்கிறது. "த டாக்டர் அலீவியேட்டட் த பேஷண்ட்", "வி மஸ்ட் அலீவியேட் த புவர்" இப்படி. லேசாக வேண்டியது சுமை, சுமக்கிற ஆள் இல்லையே. அதனால பேஷண்டோட வலிய அலீவியேட் பண்ணலாம், ஏழைங்களோட வறுமைய அலீவியேட் பண்ணலாம், அவங்களையே பண்ண முடியாது. ஆளைத்தான் சொல்லணும்னா அதுக்கு ரிலீவ் இருக்கு, "ரிலீவ்ட் ஹிம் ஆஃப் த பெயின்"னு வரும். "ஐ வாஸ் அலீவியேட்டட் டு ஹியர் த நியூஸ்"னு நிம்மதியானதைச் சொல்றவங்களும் உண்டு, அங்கயும் ரிலீவ்டுதான் வரணும். அதே மாதிரி பரீட்சைக்கு எழுதுற கட்டுரைகள்ல "அலீவியேட் டிராஃபிக்"னு நிறைய வரும், டிராஃபிக்ங்கிறது சும்மா வண்டி போக்குவரத்துதான், தொல்லை அதுல வர்ற நெரிசல், அதனால "அலீவியேட் டிராஃபிக் கஞ்செஷன்"னு எழுதினா சரியா உட்காரும். விலை, எண்ணிக்கை, செலவு இதுக்கெல்லாம் ரிடியூஸ் போதும்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனா தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஈசி. நம்ம கிட்ட தணிஞ்சுது, தணிச்சுதுன்னு ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு தானா நடக்குறது, இன்னொண்ணு ஒருத்தரோ ஒரு பொருளோ செய்யுறது. அலீவியேட் ரெண்டாவதுக்கு மட்டும்தான். "த பெயின் அலீவியேட்டட்"னு முடிச்சா தப்பு, வலி தானா தணிஞ்சுதுன்னா "த பெயின் ஈஸ்ட்"னு சொல்லணும். ஈஸ் ரெண்டு பக்கமும் போகும், அலீவியேட் போகாது.

அளவு விஷயத்துலயும் சறுக்குவோம், இதுக்கு நம்ம மொழிபெயர்ப்புப் பழக்கமும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். பாவர்ட்டி அலீவியேஷன்னு வர்ற இடத்துல எல்லாம் வறுமை ஒழிப்புன்னு போட்டுடுறோம். ஒழிப்புன்னா எராடிகேஷன், வேரோட பிடுங்குறது. அலீவியேஷன்ல வறுமை இருக்கும், அதோட கொடுமை குறையும். ஐநா 2015ல ஏத்துக்கிட்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகள்ல முதல் இலக்கு 2030க்குள்ள வறுமைய முடிவுக்குக் கொண்டுவர்றது, அங்க போட்டிருக்கிற சொல் எண்ட், அலீவியேட் இல்ல, யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க. மருந்துலயும் இதே கதை, சிம்ப்டம்ஸ அலீவியேட் பண்ற மாத்திரை நோயைக் குணமாக்கணும்னு கட்டாயம் இல்ல, சளியில மூக்கடைப்பு குறையும், சளி அது பாட்டுக்கு இருந்துட்டுத்தான் போகும். "கம்ப்ளீட்லி அலீவியேட்"னு எழுதுறவங்களும் இருக்காங்க, எனக்கு அது முழுசா கொஞ்சம் குறைஞ்சுதுன்னு சொல்ற மாதிரி கேக்கும்.

டிக்‌ஷனரில தணின்னு பாத்துட்டு அதை எல்லா இடத்துலயும் ஒட்டுறதும் ஒரு வில்லங்கம். நாம தாகம் தணிப்போம், கோபம் தணிப்போம், ஆனா இங்கிலீஷ்ல தாகத்துக்கு க்வென்ச், கோபத்துக்கு அப்பீஸ் இல்லன்னா அஸ்வேஜ், பயம் சந்தேகத்துக்கு அலே. அலீவியேட்டுக்கு வலி, துன்பம், சிம்ப்டம்ஸ், ஸ்ட்ரெஸ், வறுமை, நெரிசல், பற்றாக்குறை, போரடிக்கிறது இதெல்லாம் நல்லா சேரும். மிட்டிகேட் கிட்டத்தட்ட பக்கத்து வீடு, ஆனா அது பெரும்பாலும் வரப்போற பாதிப்போட, ரிஸ்க்கோட வேகத்தைக் குறைக்கிற இடத்துல வரும், அதனாலதான் பருவநிலை மாற்றம் பத்திப் பேசுறப்போ மிட்டிகேஷன்னு கேக்குறோம். மிட்டிகேட்டுக்குப் பின்னாடி அகெய்ன்ஸ்ட் போடுறதும் ஒரு பழைய தப்பு, அது மிலிட்டேட்ங்கிற வேற வார்த்தையோட சொத்து, ஒண்ணுக்கு எதிரா வேலை செய்யுதுன்னு அதுக்கு அர்த்தம்.

அலீவியேட் (alleviate) ஸ்பெல்லிங்ல எல் ரெண்டு. லத்தீன்ல அட்ங்கிற முன்னொட்டு லெவிஸ் முன்னாடி வந்து அல்னு மாறிடுச்சு, அதனால ஒரு எல் முன்னொட்டோடது, இன்னொண்ணு லெவிஸோடது. லீனு நீட்டிச் சொல்றதால அந்த இடத்துல ஐ போடத் தோணும், ஆனா லெவிஸ்ல இருக்கிற ஈதான் அங்க. சொல்றப்போ அழுத்தம் லீ மேல விழணும், அ லேசா வந்துட்டுப் போகும்.

இன்னொண்ணு, இது கோட் சூட் போட்ட வார்த்தை. ரிப்போர்ட், கட்டுரை, ஆஃபீஸ் லெட்டர்ல பொருந்தும். ஃப்ரெண்டு வாட்ஸ்ஆப்ல தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டா "மை ஹெடேக் ஹாஸ் பீன் அலீவியேட்டட்"னு அனுப்பினா இலக்கணம் எல்லாம் சரிதான், ஆனா அவன் சிரிப்பான். "இட்ஸ் பெட்டர்"னு அனுப்பிட்டுத் தூங்குங்க.