உப்புக் காற்றில் ஸ்மார்ட் பைக்: திருகோணமலை வீடுகளுக்கான பராமரிப்பும் பழுது பார்த்தலும்

உப்புவெளியிலும் திருக்கடலூரிலும் கரையோரமாக வெளியே நிறுத்திய சைக்கிளின் செயின் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அறைக்குள் நின்றபடியே மிதித்து, மிதிக்கும் பவரை வாட்டில் அளந்து செயலிக்கு அனுப்பும் ஸ்மார்ட் பைக்குக்கும் அதே காற்றுத்தான். அதற்கு மேல் ஓட்டுபவரின் வியர்வையும் சேர்கிறது. வெளியே ஓடும்போது காற்றோடு போகும் வியர்வை, உள்ளே ஓட்டும்போது ஹேண்டில், அதைத் தாங்கும் ஸ்டெம், இருக்கைத் தண்டு, பெடல் என்று அதே இடங்களில் திரும்பத் திரும்பச் சொட்டுகிறது. பவர் பிழையாகக் காட்டுகிறது, சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்னும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உப்பு, வெப்பநிலை மாற்றம், பற்றறித் தொடுகை ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும். பொதி கட்டிக் கொழும்புக்கு அனுப்புவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

வியர்வையும் குளிர்ந்த உலோகமும்

உலர்ந்த துவாயால் துடைத்தால் ஈரம் போகும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரவு முழுக்க உலோகத்தை நனைத்தே வைத்திருக்கும். ஆகவே ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் முதலில் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதை இதற்குப் பாவிக்க வேண்டாம். தண்ணீரைப் பீச்சி அடிக்கவே கூடாது. பெல்ட் ஓடும் பக்கத்தில் டபிள்யூடி-40 போன்ற தெளிப்பு எண்ணெய்களும் வேண்டாம்; பெல்ட்டில் பட்டால் வழுக்கத் தொடங்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டெம் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புரியில் மெல்லிதாகக் கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கள். பெரும்பாலான ஸ்டெம்களுக்கு 5 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். உங்களுடையதில் வேறு எண் பொறித்திருந்தால் அதுவே சரி. இப்படிச் செய்யாமல் ஒரு வருடம் விட்டால் அலன் கீ வழுக்கி, போல்ட்டின் தலை மழுங்கிவிடும்.

ஏசி அறையில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிக்காற்று 31 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம் என்றால், 26 பாகைக்குக் குறைந்த எந்த உலோகத்திலும் நீர் படியும். 23 பாகையில் குளிர்ந்திருக்கும் பெடலும் அதைத் தாங்கும் கையான கிராங்கும், ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்தவுடன் வியர்க்கத் தொடங்குவது இதனால்தான். அந்த நீர் பற்றறி மூடிக்குள்ளும் போகும். ஏசியை நிறுத்திய பின் அறையை அரை மணி நேரமாவது மூடியே வைத்து, மின்விசிறியைப் பைக்கின் பக்கம் திருப்பி விடுங்கள். உலோகம் மெதுவாகச் சூடேறட்டும்.

சைபர் பிடித்தல்

சைபர் பிடித்தல் என்பது பாரமே இல்லாத நிலையைப் பூச்சியம் என்று மீற்றருக்குச் சொல்லிக் கொடுப்பது. பெடலிலோ கிராங்கிலோ இருக்கும் பவர் மீற்றருக்குள் இருப்பது உலோகத்தின் நுண்ணிய வளைவை அளக்கும் திரிபுமானி. அது முறுக்கு விசையைச் சொல்கிறது. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட் வரும். நிமிடத்துக்கு 90 சுற்று என்பது செக்கனுக்கு 9.42 ரேடியன். எனவே சைபர் ஒரு நியூட்டன் மீற்றர் பிசகியிருந்தால், 90 சுற்றில் எப்போதும் 9 வாட் கூடவோ குறையவோ காட்டும். இடது பக்கத்தை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீற்றரில் அது 19 வாட்.

உலோகம் சூட்டில் விரியும். அதோடு சைபரும் நகரும். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் வெந்து கிடந்த அறையில் ஏசியைப் போட்டவுடன் சைபர் பிடித்தால், அரை மணி நேரத்தில் அது பழையதாகிவிடும். ஓட்டும் வெப்பநிலைக்கு அறை வந்து குறைந்தது 20 நிமிடம் கழித்தே பிடியுங்கள். கால்களைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, கிராங்கை நிலைக்குத்தாக நிறுத்தி, அசையாமல் விட்டுச் செயலியில் கட்டளை கொடுங்கள். காட்டும் எண்ணை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்த எண்ணின் அளவு கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். நாளுக்கு நாள் அது எவ்வளவு நகர்கிறது என்பதுதான் முக்கியம். வெப்பநிலை மாறாமலே எண் துள்ளினால் பெடல் இறுக்கத்தைப் பாருங்கள். பவர் பெடல்களுக்கு வழமையாக 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் வரை தேவை. இடது பெடலின் புரி எதிர்த்திசை. புதிதாகப் பூட்டிய பெடல் தன் இடத்தில் சரியாகப் பதிவதற்கு, எழும்பி நின்று நாலைந்து தடவை பலமாக மிதித்துவிட்டு மறுபடி சைபர் பிடிக்க வேண்டும்.

பின் சில்லைக் கழற்றிச் சைக்கிளைப் பூட்டும் ட்ரெய்னர்களில் பலவற்றுக்கு ஸ்பின்டவுன் உண்டு; அதாவது வேகம் ஏற்றி, மிதிப்பதை நிறுத்தி, தானாகச் சுழன்று ஓயவிட்டு அளவைச் சரிசெய்வது. 10 முதல் 15 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே அதைச் செய்ய வேண்டும். டாக்ஸ் நியோ வகை ட்ரெய்னர்களுக்கு அது தேவையில்லை.

இரண்டு எண் ஒத்துப்போகாதபோது

ட்ரெய்னர் ஒன்று சொல்ல, பெடல் வேறொன்று சொல்கிறது. எது சரி என்று கேட்பதற்கு முன், வித்தியாசம் எந்த வகை என்று பாருங்கள். சூடேறிய பின் 100 வாட்டில் மூன்று நிமிடம், 250 வாட்டில் மூன்று நிமிடம், இரண்டிலும் நிமிடத்துக்கு 90 சுற்றில் ஓட்டி, சராசரிகளை எழுதுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் சைபர் பிசகு. பவரோடு சேர்ந்து வித்தியாசமும் வளர்ந்தால் அளவுப் பிசகு. அதற்கு முதற் காரணம் செயலியில் கிராங் நீளம் பிழையாகக் கிடப்பது: 170 மில்லிமீற்றர் கிராங்குக்கு 175 என்று இருந்தால் 2.9 சதவீதம் கூடக் காட்டும். புதுச் செயலி, புது மென்பொருள், புதுப் பற்றறி எதற்குப் பின்னும் இதைச் சரிபாருங்கள்.

சுத்தமான செயினே 2 முதல் 3 சதவீதத்தை விழுங்கும். பெடல் 250 சொல்லும்போது ட்ரெய்னர் 243 சொன்னால் அது பழுதே இல்லை. ட்ரெய்னர் பெடலைவிடக் கூடக் காட்டினால்தான் சந்தேகம் வர வேண்டும்.

இதற்கும் தீராவிட்டால் பாரம் தொங்கவிட்டு அளக்கலாம், செயலி முறுக்கு விசையை நேரடியாகக் காட்டுமானால். சைக்கிளைச் சில்லோடு தரையில் நிறுத்தி, சுவரில் சாய்த்து, பின் பிரேக்கை இறுக்கிக் கட்டுங்கள். சைபர் பிடித்து, இடது கிராங்கை முன்னோக்கிக் கிடையாக வையுங்கள். கடைத் தராசில் கான், கயிறு எல்லாம் சேர்த்துச் சரியாக 20 கிலோ நிறுத்த தண்ணீர்க் கானைப் பெடலின் நடுவில் தொங்கவிடுங்கள். திருகோணமலை 8.5 பாகை வடக்கில் இருப்பதால் புவியீர்ப்பை 9.81 அல்ல, 9.78 என்று எடுக்க வேண்டும். 170 மில்லிமீற்றர் கிராங்குக்கு விடை 33.25 நியூட்டன் மீற்றர். 32.6 க்கும் 33.9 க்கும் இடையில் காட்டினால் மீற்றரைக் குறை சொல்ல இடமில்லை. இடது பக்க மீற்றர் சில இதை இரட்டிப்பாக்கி 66.5 என்று காட்டும்.

பற்றறி

மீற்றர்களில் போடும் நாணய வடிவப் பற்றறியான சிஆர்2032, புதிதாக இருந்தால் மல்டிமீற்றரில் 3.2 வோல்ட் அளவு காட்டும். 2.8 க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலில் கிடந்த பற்றறி புதிதாக வாங்கும்போதே சோர்ந்திருக்கும். அளந்து பார்த்து வாங்குவது நல்லது. சிறுபிள்ளைகள் விழுங்காதிருக்கச் சில பற்றறிகளில் கசப்புப் பூச்சு இருக்கிறது. அது தொடுகையைக் கெடுக்கும் என்பதால், பூட்டுமுன் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் இரு பக்கமும் துடையுங்கள். தொடுகைத் தகட்டில் பச்சை படிந்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாக உரசி, தூளைத் துடைத்தெடுங்கள். தகட்டை நிமிர்த்தும்போது ஒரு மயிரிழை போதும். கூட வளைத்தால் முறியும். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். வளையம் வெடித்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றுங்கள்.

சிக்னலும் எதிர்ப்பும்

மீற்றரிலிருந்து தரவை வயரில்லாமல் அனுப்பும் ஆன்ட் பிளஸ் முறை 2457 மெகாஹேட்ஸில் பேசுகிறது. வைஃபையின் பத்தாம் சனலின் நடுவும் அதுதான். ரவுட்டரை முதலாம் சனலுக்கு மாற்றினாலே பல வீடுகளில் பிரச்சினை தீரும். யூஎஸ்பி 3 துளைகளும் இதே அலைவரிசையில் இரைச்சல் போடும். கணினியில் செருகும் ஆன்ட் குச்சியை இரண்டு மீற்றர் நீட்டு வயரில் பைக்கின் அருகே கொண்டுவாருங்கள். புளூடூத்தில் மீற்றரே தெரியவில்லை என்றால், பக்கத்து அறையில் கிடக்கும் போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் குறித்த வாட்டுக்கு ஏற்ப எதிர்ப்பைப் பைக்கே மாற்றும் ஈஆர்ஜி முறையில் கால் தளரத் தளர எதிர்ப்பு ஏறிப் பூட்டிக்கொள்வது இயந்திரக் கோளாறு அல்ல. அது குறித்த வாட்டைப் பிடிக்கப் பார்க்கிறது. சில செக்கன் மிதிப்பதை நிறுத்தி, 90 சுற்றுக்கு ஏறிய பின் தொடருங்கள்.

சத்தம், மின்சாரம்

ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு டிக் என்றால் பெடல், சப்பாத்தின் அடியிலுள்ள கிளீட் அல்லது கிராங் போல்ட். ஷிமானோவின் இடது கிராங் போல்ட்டுகள் இரண்டையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீற்றருக்கு இறுக்க வேண்டும். எழும்பி நின்றதும் சத்தம் நின்றால் இருக்கைத் தண்டு.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றி விடுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. மின்வெட்டுக்குப் பின் கரன்ட் வந்து சில நிமிடம் கழித்தே பூட்டுங்கள். அடப்டர் பழுதானால் வோல்ட், அம்பியர், முனையின் கூட்டல் கழித்தல் மூன்றும் ஒத்ததையே வாங்குங்கள். அம்பியர் கூட இருக்கலாம், வோல்ட் மாறக்கூடாது.

கடைசியில் அனுப்பத்தான் வேண்டும் என்றால், பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டு, தொடர் இலக்கம், மென்பொருள் பதிப்பு, கொப்பியிலுள்ள சைபர் எண்கள், 100 வாட்டிலும் 250 வாட்டிலும் வந்த சராசரிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.