சர்க்கரை நோயாளியின் வயிற்றுத் தொந்தரவை 'கேஸ்' என்று விட்டுவிடாதீர்கள்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. ஒருநாள் காலையில் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு மூன்று இட்லி சாப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் கை நடுங்கி, பனியன் நனைகிற அளவுக்கு வியர்த்துவிட்டது. மெஷினில் பார்த்தால் 58. சாப்பிட்ட மனிதருக்கு எப்படிச் சர்க்கரை இறங்கும்? எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். மதியம் பார்த்தபோது 290. அன்று இரவு பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். மதியம் சாப்பிட்ட முருங்கைக்கீரை அப்படியே வந்து விழுந்தது.

அதற்கு முன்பே ஆறேழு மாதமாக "வயிறு திம்முனு இருக்கு, ரெண்டு வாய்க்கு மேல இறங்கல" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்களும் ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர் என்று கொடுத்தபடியே இருந்தோம். கேஸ் என்று முடிவு கட்டியதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

இரைப்பையைச் சுருங்கி விரியச் செய்வது வேகஸ் என்ற நரம்பு. பல வருடம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் கால் நரம்பு மரத்துப்போவது போல இந்த நரம்பும் பழுதாகிறது. சாதாரணமாகச் சாப்பாட்டின் பெரும்பகுதி நான்கு மணி நேரத்துக்குள் குடலுக்குப் போய்விடும். நரம்பு பழுதானவர்களுக்கு அது வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. ஊசி மருந்து நேரத்துக்கு வேலை செய்யும், சாப்பாட்டிலுள்ள சர்க்கரையோ ரத்தத்துக்கு வந்திருக்காது. அதனால்தான் முதலில் இறங்குகிறது, சில மணி நேரம் கழித்து எகிறுகிறது. இப்படி ஏற்ற இறக்கம் இருந்தால் இன்சுலின் அளவை நாமாகக் கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்து. சாப்பிட்ட நேரம், ஊசி போட்ட நேரம், அளவு எல்லாவற்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் விஷயத்தைப் பிடித்தார்.

அடுத்தது நார்ச்சத்து. சர்க்கரை என்றாலே கீரை, வாழைத்தண்டு, பச்சைக் காய்கறி என்று அள்ளி வைக்கிறோம். வெறும் மலச்சிக்கல் என்றால் அது நல்லதுதான், கூடவே தண்ணீரும் குடிக்க வேண்டும். ஆனால் இரைப்பை மந்தமாகிவிட்டவருக்கு நாரும் எண்ணெயும் வயிற்றில் இன்னும் நேரம் தங்கும். இவர்களுக்குக் குழைந்த சாதம், ரசம், இட்லி, மசித்த காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுப்பது நல்லது. சாப்பிட்ட உடனே படுக்கவும் கூடாது. அப்பா இப்போது ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடக்கிறார்.

மாத்திரையால் வரும் தொந்தரவு வேறு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஆரம்பித்த புதிதில் பலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலே ஓரளவு குறையும். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். பல வருடம் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதோடு அமிலம் குறைக்கும் மாத்திரையையும் வருடக்கணக்கில் விழுங்கினால் இன்னும் குறையும். கால் எரிச்சல் எல்லாமே சர்க்கரையால்தான் என்று நினைக்காமல் பி12-ஐயும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரைகள் போடுகிறவர்களுக்கு வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் சகஜம். மாவுச்சத்து முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது, அவ்வளவுதான். இவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்: இன்சுலினோ வேறு மாத்திரையோ சேர்ந்து லோ சுகர் ஆனால் வீட்டுச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. சீனி உடைவதையே இந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், பையிலேயே வைத்திருங்கள்.

'சுகர் ஃப்ரீ' இனிப்பை ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைக் கலக்குகிறது என்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மால்டிடால், சார்பிடால் என்ற இனிப்பூட்டிகள் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். செமாகுளூடைட் போன்ற புது சர்க்கரை மருந்துகள் இரைப்பையை மெதுவாக்கும், அதனால் ஏற்கெனவே வயிறு மந்தமாக இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேஸுக்கு என்று மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் பாண்டோபிரசோல்-டாம்பெரிடோன் கேப்சூலும் வேண்டாம். டாம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். அதை டாக்டர்தான் பார்த்துத் தர வேண்டும்.

வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் "சாப்பிடவே இல்லையே" என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது இன்னொரு தவறு. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறினால் அதுவே வயிற்றுவலியையும் வாந்தியையும் கொண்டுவரும். அன்றே டாக்டரைக் கூப்பிட்டு அளவு கேளுங்கள். மெட்ஃபார்மினையும், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மேல்வயிற்றில் திடீரென்று அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், தாடையிலோ கையிலோ குடைச்சல் என்றால் சோடா வாங்க ஆள் அனுப்பாதீர்கள். நரம்பு மரத்த சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம், வெறும் நெஞ்செரிச்சல் போலவும் இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டு, போனவுடன் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஈசிஜி பார்த்த டாக்டர் சொல்லட்டும், கேஸா இல்லையா என்று.