கரணை பிடிக்கும் முன்: செங்கல் சுவர் கட்ட வரும் தன்னார்வலர்களுக்கு

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குச் சுவர் எழுப்ப ஞாயிறுதோறும் போய்க் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வந்ததும் எல்லோரும் கொத்தனாரிடம் ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் சித்தாள் அக்காவிடம் போய் நில்லுங்கள். கலவையின் பதம் அவருடைய கைக்குத்தான் தெரியும். அவரை யாரும் ஆசான் என்று சொல்வதில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

1. செங்கல்லை நனையுங்கள். தொட்டியில் மூழ்கவைத்தால் குமிழி வரும். அது நிற்கும்வரை ஊறட்டும். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுக ஈரம் மிஞ்சாது. அவசரத்தில் ஒருநாள் நான் காய்ந்த கற்களை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் கை வைத்ததும் கழன்று வந்தன. கொத்தனார் அண்ணன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அந்தக் கல் வரிசையை (வரி என்பார்கள்) பிரித்துக் கட்டினார். அவருக்கு அரை நாள் வீண்.

2. கலவை: 9 அங்குலச் சுவருக்கு 1 பங்கு சிமெண்ட், 6 பங்கு சலித்த மணல். ஒரே சட்டியால் அளந்து போடுங்கள். ஒரே நிறம் வரும்வரை உலர்வாகப் புரட்டிய பிறகே தண்ணீர். அரை மணி நேரத்தில் தீருகிற அளவு போதும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

3. மூலைகளை அண்ணன் தூக்குக்குண்டு (சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் குண்டு) பிடித்து எழுப்பி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் கட்டுவார். இடைப்பட்ட கற்கள் உங்களுக்கு. கல் நூலை ஒட்டி நிற்கட்டும், நூலைத் தள்ள வேண்டாம். கற்களுக்கு இடையே கலவை 10 மில்லிமீட்டர் கனம். கீழ்வரியின் செங்குத்து இணைப்புக்கு நேர்மேலே இன்னொரு இணைப்பு வந்தால் விரிசல் அந்த வழியாகவே ஓடும். வைத்த கல்லைச் சற்று நேரம் கழித்து அசைக்காதீர்கள். சரியில்லையென்றால் எடுத்து, பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

4. ஒரு நாளில் 1.5 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

5. கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருகிறோம். திங்கட்கிழமை சுவர் காய்ந்து கிடக்கிறது. அதனால் நாங்கள் இப்போது கல் எடுக்கும் முன்பே, எந்த நாள் காலையில் யார், மாலையில் யார் வாளியோடு வருவது என்று பெயர் எழுதிச் சாரக் கம்பில் கட்டிவிடுகிறோம்.