டோர் பயன்படுத்துகிறவர்களுக்கு, நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவன் சொல்வது

ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டோர் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி, யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் மென்பொருள். "டோர் போட்டால் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். தெரியும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், என்ன படிக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் டோர் ஓடுகிறது, எத்தனை மணிக்கு ஓடியது, எவ்வளவு டேட்டா போனது, எல்லாம் லாகில் விழும். போக்குவரத்தைக் கைமாற்றிவிடும் அந்த டோர் கணினிகளின், அதாவது ரிலேக்களின், ஐபி பட்டியல் பொதுவில் கிடைப்பதுதானே.

2013 டிசம்பரில், தேர்வைத் தள்ளிப்போட ஹார்வர்டு மாணவர் ஒருவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோர் ஓட்டியவர்கள் யார் என்று பார்த்தார்கள், விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். அவர்மேல் எனக்குப் பரிதாபம் இல்லை. ஆனால் முறைகேட்டை வெளியே சொல்ல நினைக்கும் ஊழியரும் இதே வழியில் மாட்டுவார். அதனால் அலுவலக விஷயத்தை அலுவலக இணைப்பிலிருந்து அனுப்பவே அனுப்பாதீர்கள். கோப்பு கைக்கு வந்த அன்றைக்கே அனுப்பாமல் சில நாள் ஆறப்போடுங்கள்.

டோர் ஓடுவதையே மறைக்க வேண்டுமா? டோர் பிரவுசர் அமைப்புகளில் இணைப்புப் பகுதிக்குப் போய் ஒரு பிரிட்ஜைத் (பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு வழியைத்) தேர்ந்தெடுங்கள். அதில் ஸ்னோஃப்ளேக் என்ற வகையைப் போட்டால் வெளியிலிருந்து பார்க்க வீடியோ அழைப்பு மாதிரி இருக்கும். நேரமும் அளவும் அப்போதும் மறையாது.

அடிப்படைச் சிக்கல் அங்கேதான். மூன்று ரிலேக்களில் முதலாவதுக்கு உங்களைத் தெரியும், கடைசிக்கு நீங்கள் போகும் இடம் தெரியும். இரண்டு முனையையும் ஒருவரே கவனித்தால் நேரத்தையும் அளவையும் பொருத்திப் பார்த்துவிடலாம். டோர் இதை முழுதாகத் தடுத்துவிடாது என்று 2004-இல் டோரை உருவாக்கியவர்களே எழுதிவிட்டார்கள். தாமதம் சேர்த்தால் குழப்பலாம். ஆனால் பக்கம் திறக்கக் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

இரண்டு முனையும் ஒருவரிடமே சிக்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான் டோர் ஒரே நுழைவு ரிலேயை மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது. சர்க்யூட்டை, அதாவது ரிலேக்கள் வழியான பாதையை, புதுப்பித்தாலும் முதல் ரிலே மாறவில்லையே என்று பதறாதீர்கள். அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் கண்காணிப்பவரின் ரிலேயிலேயே போய் விழுவோம். அதை நோண்டாமல் விடுங்கள்.

அப்புறம், அப்டேட். டோர் பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸை வைத்துக் கட்டியது. 2013-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பழைய ஃபயர்ஃபாக்ஸ் ஓட்டை ஒன்றின் வழியாக டோர் பயனர்களின் நிஜ ஐபியை எடுத்தது. அதற்கான திருத்தம் ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. வந்த அன்றே போடுங்கள், பாதுகாப்பு அளவை உச்சத்தில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடும், பாதித் தளங்கள் படுத்துவிடும், பரவாயில்லை. டோரென்ட்டை மட்டும் டோரில் ஓட்டாதீர்கள்: உங்கள் நிஜ ஐபியை அந்த மென்பொருளே டிராக்கரிடம் (கோப்பைப் பகிர்பவர்களை இணைக்கும் சர்வரிடம்) சொல்லிவிடக்கூடும், மற்றவர்களுக்கும் வேகம் போகும்.